எழுத்தாணி திரும்பவில்லை

‘எழுத்தாணி திரும்ப வந்துவிட்டது’ என்ற வாக்கியம் கொஞ்ச நாளாக நம் வட்டத்தில் புழங்கிக்கொண்டிருக்கிறது. நான் அதை முதலில் கேட்டது வந்தவாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில். நண்பர் ஒருவர், கவிஞர், அதுவும் நல்ல கவிஞர் (இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை), பையிலிருந்து டாப்லெட் ஒன்றை வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்த பேனாவைப் பிரித்துக் கண்ணாடி மேல் ‘மழை’ என்று எழுதினார். கோடுகள் ஒரு கணம் அவர் கையெழுத்திலேயே நின்றன. அப்புறம் அவை மறைந்து அதே இடத்தில் அச்செழுத்தில் ‘மழை’ வந்து உட்கார்ந்தது. உடனிருந்தவர்கள் ஆஹா என்றார்கள். விசைப்பலகை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்ட கையை இது திருப்பிக் கொடுத்துவிட்டது, ஓலையில் எழுதியவர்களுக்கு இனி நாம்தான் நேர் வாரிசு என்றார் நண்பர். டீ ஆறிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் இதே அபிப்ராயத்தை ஒரு கடிதத்தில் படித்தேன். ஒரு கவிதைத் தொகுதியின் முன்னுரையில் பார்த்தேன். திருவண்ணாமலையில் ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்தே சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்தாயி கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் டீக்கடையில் நடந்த அந்த ஒரு கணத்தை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நண்பர் எழுதியது அழிந்தது. அழிந்த இடத்தில் வேறு யாரோ எழுதினார்கள். கையைத் திருப்பிக் கொடுத்தது என்று இதற்கா பெயர்?

கருவி மேல் எனக்கு விரோதமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானே ஒன்று வைத்திருக்கிறேன். பகலெல்லாம் வங்கிக் கவுன்டரில் மவுஸைப் பிடித்துத் தள்ளி என் வலது மணிக்கட்டு ஒரு வருஷமாக வீங்கிக் கிடந்தது. வீட்டிலாவது அந்தப் பிராணியைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். பழையதாக ஒரு பேனாப் பலகை வாங்கினேன். சிலேட்டு மாதிரி கறுப்பாக இருக்கும். கை அதன் மேல் ஊர்ந்துகொண்டிருக்கக் கண் எதிரே திரையைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் நான் கோடு போட நினைத்த இடத்தில் கோடு விழவில்லை. மூன்றாவது வாரம் கை பழகிவிட்டது. ஒரு மாதத்தில் மணிக்கட்டு வலி போயிற்று. மவுஸுக்குப் பதிலாக அதைவிட நல்ல சாமான் கிடையாது என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கத் தயார். ஆறு மாதம் மவுஸ், விசைப்பலகை இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதை மட்டுமே வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். நான் சொல்லப்போவது அந்த ஆறு மாதத்திலிருந்து வருகிறது.

திரும்ப வந்துவிட்டது என்கிறார்களே, அதுவே தப்பு. கம்ப்யூட்டரோடு பேனா சம்பந்தப்பட்டது நேற்று அல்ல. எலிஷா கிரே 1888-இலேயே எழுதுகிற கையின் அசைவைக் கம்பி வழியாக வேறிடத்துக்கு அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஐவன் சதர்லண்ட் 1963-இல் திரையில் படம் வரைந்தது ஒளிப்பேனாவால். 1964-இல் ராண்ட் நிறுவனம் பலகையும் பேனாவும் செய்தது. எங்கல்பார்ட் மவுஸைப் பலர் முன் காட்டியது 1968 டிசம்பரில்தான். பேனா முதலில் வந்து ஒதுக்கப்பட்டது, மவுஸ் பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. வியாபாரிகள் அதை எடுப்பதும் போடுவதுமாக இருந்திருக்கிறார்கள். ஆப்பிள் 1993-இல் கையெழுத்தைப் படிக்கும் நியூட்டனை விற்றது, ஊர் சிரித்தது, 1998-இல் நிறுத்தியது. 2007-இல் அதே கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று மேடையில் கேலி செய்தார். 2015-இல் அதே கம்பெனி பென்சில் என்று பெயர் வைத்து அதையே விற்றது. இந்த வியாபார ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் நம் ஆட்கள் சங்க காலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, ஓலைக்கே வருவோம். ஓலையில் எழுதியவன் கைக்கும் மனசுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பது போலப் பேசுகிறார்கள். ஓலையில் எழுதுவது கீறுவது. இடக்கையில் ஏடு நகர, வலக்கையின் எழுத்தாணி அதிகம் நகராமல் கீறும். கீறியபின் மை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஆகவே அது பொறுமையான, கொஞ்சம் குருட்டுத்தனமான வேலை. அதைப் பெரும்பாலும் செய்தவர்கள் பிரதி எடுப்பவர்கள். பாட்டுக் கட்டினவர் பல சமயம் ஆணியைத் தொடவே இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிய காட்சியை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய செய்யுள் உற்பத்தி நாக்கிலிருந்து நேரே இன்னொருவர் கைக்குப் போனது. எழுத்தாணியோடு கவிஞனுக்கு இருந்ததாக நாம் இப்போது கற்பனை செய்துகொள்ளும் அந்தரங்கம் பேனா வந்தபிறகு ஏற்பட்ட ஆசை. அதைப் பின்னால் கொண்டுபோய் ஓலையில் ஒட்டுகிறோம்.

ஓலை தமிழுக்குச் செய்த கொடுமையும் உண்டு. புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று புள்ளியை விட்டார்கள். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி என்பது தொல்காப்பியர் விதி. விதி ஏட்டில் இருந்தது, புள்ளி ஏட்டில் இல்லை. எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதைப் படிக்கிறவன் தன் படிப்பை வைத்து ஊகிக்க வேண்டும். காலும் ரகரமும் ஒரே கோடு. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தபிறகுதான் ஏகாரமும் ஓகாரமும் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு கருவி மொழியின் ஒலியையே மங்கலாக்கியது, அச்சுக்குப் பழகிய ஒரு பாதிரி அதைத் துலக்கினார். நம் பாரம்பரியவாதிகளுக்கு இந்த வரிசை ருசிக்காது. இருந்தாலும் நடந்தது இதுதான்.

ஆனால் இந்த ஊகத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஏட்டைப் படித்தவன் ஊகித்தான்; டாப்லெட்டும் ஊகிக்கிறது. இரண்டு ஊகத்துக்கும் உள்ள தூரம்தான் நம் பிரச்னை.

கண்ணாடி மேல் நாம் எழுதுவதைக் கருவி எப்படிப் படிக்கிறது என்று நம் நண்பர்கள் யாரும் விசாரித்ததில்லை. அதில் நமக்குச் சம்பந்தமில்லாதது ஒன்றுமில்லை. பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வுக்கூடம் டாப்லெட் கணினிகளைக் கொடுத்துத் தமிழர்களை எழுதச் சொல்லி எழுத்துகளைச் சேகரித்தது. எழுதினவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு, பட்டதாரிகள் உண்டு. பெங்களூர்க்காரர்கள் சிலர், மற்றவர்கள் சேலத்துக்காரர்கள். நம்முடைய 247 எழுத்தை அவர்கள் 156 வடிவமாகப் பிரித்துக்கொண்டார்கள். ‘கா’ அவர்களுக்கு ஓர் எழுத்தல்ல. ககரம் ஒன்று, கால் ஒன்று. ‘கு’வைப் பிரிக்க முடியாது என்பதால் அது தனி. வடிவத்துக்குச் சுமார் ஐந்நூறு மாதிரி. 2006-இல் கையெழுத்தைப் படிப்பது பற்றிய சர்வதேசப் பட்டறை ஒன்றில் இந்த மாதிரிகளை வைத்துப் போட்டியே நடந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், கருவி உங்கள் ‘ழ’வைப் பார்ப்பதில்லை. தான் பார்த்துப் பழகிய நூற்றுக்கணக்கான ‘ழ’க்களில் எதற்கு உங்களுடையது கிட்டே வருகிறது என்று அளந்து பார்க்கிறது. சி.மணியின் முயற்சியில் ‘நடை’ வந்த ஊர் சேலம். அதே ஊரின் பள்ளிப் பிள்ளை போட்ட சுழி தமிழ்க் கையெழுத்து இன்னது என்று யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஒரு விபரீதமான சந்தோஷம் உண்டு. செய்தவர்கள் மேல் குறையில்லை, அந்த வேலை வேண்டியதுதான். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இதே வேலை நடந்திருக்கிறது. 2015-இல் கூகிள் 82 மொழிகளுக்குக் கையெழுத்துச் செயலி வெளியிட்டபோது தமிழும் அதில் இருந்தது. குறை, சராசரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தரங்கம் என்று கூவுகிறவர்கள் மேல்.

வடிவத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வடிவம் சந்தேகமாக இருந்தால் கருவி சொல்லைப் பார்க்கிறது. எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதைப் போடுகிறது. நான் ‘பரவை’ என்று எழுதினேன், கடல் என்ற அர்த்தத்தில். ‘பறவை’ என்று வந்தது. மறுபடி எழுதினேன், நிறுத்தி, ரகரத்தைத் தனியாகத் தெரியும்படி. மறுபடியும் பறவை. ‘வாளை’ என்று மீனை எழுதினால் வாழையாகி மரத்தில் ஏறிக்கொள்கிறது. ஊரில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1760 ஜனவரி 22-இல் இங்கே பிரெஞ்சுக்காரர்களை ஜெயித்த ஆங்கிலேயர்கள் வந்தவாசியை ‘வாண்டிவாஷ்’ என்று எழுதிக்கொண்டார்கள். தன் காதுக்குப் பழகியதற்குள் பிறத்தியான் சொல்லை அடக்கி வைப்பது ஜெயித்தவன் சௌகரியம். சரித்திரப் புத்தகத்தில் இன்னமும் அப்படித்தான் இருக்கிறது.

ஏட்டைப் படித்த சாமிநாதையரும் ஊகித்தார் என்பார்கள். ஊகித்தார். ஆனால் அவர் எதைக் கொண்டு ஊகித்தார்? பல பிரதிகளை ஒப்பிட்டு, யாப்பைத் தட்டிப் பார்த்து, உரைகாரன் என்ன சொன்னான் என்று தேடி, ஒரு சொல்லுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து ஊகித்தார். அரிய சொல் கிடைத்தால் அது அரியது என்பதாலேயே அதை மதித்தார். கருவிக்கு அரிய சொல் என்பது பிழை. புழக்கத்தில் ஜாஸ்தி இருப்பதே சரி. இதைவிட அசலான ஜனரஞ்சகப் பத்திரிகை ஆசிரியனை நான் பார்த்ததில்லை. வாரப் பத்திரிகை ஆசிரியர் புரியவில்லை என்று நம் கவிதையைத் திருப்பி அனுப்பினார். இவர் திருப்பி அனுப்பவில்லை, புரிகிற மாதிரி மாற்றிப் போட்டுவிடுகிறார், அதுவும் நாம் அடுத்த சொல்லுக்குப் போவதற்குள். அந்த ஆசிரியர்களை எதிர்த்துக்கொண்டு 1959-இல் ‘எழுத்து’ வந்தது, 1970-இல் ‘கசடதபற’ வந்தது. அந்தப் பரம்பரை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த ஆசிரியரைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னொரு அனுபவம். எங்கள் வங்கிக்கு வரும் வயதானவர்கள் சிலர் இன்னும் பழைய ‘லை’, ‘னை’ எழுதுகிறார்கள், யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருட்டிக்கொண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு மாற்றிய பதின்மூன்று எழுத்துகளில் அவையும் உண்டு. பெரியார் 1935 முதலே தன் பத்திரிகையில் புதிய வடிவத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். சீர்திருத்தத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது உபகாரம். ஆனால் 1978-க்கு முந்திய சிறுபத்திரிகைகளின் பக்கங்கள் அந்தத் துதிக்கைகளோடுதான் இருக்கின்றன. என் தாத்தா கையெழுத்தைப் பார்த்து அதே மாதிரி ஒரு ‘லை’யைப் பலகையில் போட்டேன். முதலில் ஏதோ ஒரு ஆங்கில எழுத்து வந்தது. அப்புறம் ‘வ’ வந்தது. தாத்தா தமிழில் எழுதவில்லை என்று அர்த்தம். கையைத் திருப்பிக் கொடுக்கும் கருவி என்று சொல்கிறீர்கள், எந்த வருஷத்துக் கையை?

1996-இல் வந்த பாம் பைலட் என்னும் சின்னக் கருவி இதைவிட யோக்கியமானது. மனிதன் எழுதுவதைத் தன்னால் படிக்க முடியாது என்று அது ஒப்புக்கொண்டது. நீ உன் எழுத்தை மாற்றிக்கொள் என்றது. ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை நடுக்கோடு இல்லாமல், கவிழ்த்த ஆப்பு மாதிரி, கையெடுக்காமல் ஒரே இழுப்பில் போட வேண்டும். லட்சக்கணக்கான பேர் கற்றுக்கொண்டு எழுதினார்கள். அங்கே ஒப்பந்தம் பகிரங்கமாக இருந்தது. இப்போதும் நாம் கருவிக்குத் தகுந்தபடி எழுத்தை மாற்றிக்கொண்டுதான் எழுதுகிறோம். நண்பர் அன்று ‘மழை’யை எவ்வளவு நிதானமாக, நாலாம் வகுப்புக் காப்பி நோட்டு மாதிரி எழுதினார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் கடிதம் எழுதுகிற கையெழுத்து அது அல்ல.

இங்கே எதிர்க்கட்சியின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கையால் எழுதினால் யோசனை ஆழமாகும் என்று அமெரிக்க ஆராய்ச்சி சொல்கிறதாம். 2014-இல் மியூலர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்கிறார்கள். அது வகுப்பில் குறிப்பெடுக்கும் மாணவர்களைப் பற்றியது. லாப்டாப்பில் அடித்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி அடித்தார்கள், கையால் எழுதினவர்களுக்கு அவ்வளவு வேகம் வராததால் சுருக்கிக்கொண்டார்கள் என்பது அதன் சாரம். பின்னால் அதையே திரும்பச் செய்து பார்த்த ஆய்வுகளில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. போகட்டும். கவிதை என்ன, பேராசிரியர் சொல்ல நாம் எழுதிக்கொள்ளும் நோட்ஸா? நிதானம் வேண்டும் என்பது உண்மை. நிதானம் விரலில் இருந்து வருவதானால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த அத்தனை பேரும் மூடர்கள் என்றாகும். என் சீனியர் கிளார்க் ஒருவர் அப்படித்தான், ஆனால் அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

விசைப்பலகையைத் திட்டுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த விசைப்பலகையில் தமிழ் எழுதுகிறீர்கள்? கேட்டுப் பார்த்துவிட்டேன். பத்தில் எட்டுப் பேர் போனில், ஆங்கில எழுத்தில். ஏ-எம்-எம்-ஏ என்று அடித்தால் அம்மா வருகிறது. மௌனி பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர், தன் கவிதையின் முதல் வரியை ரோமன் எழுத்தில் யோசித்துத் தமிழில் பார்த்துக்கொள்கிறார். அங்கேயும் கருவி மூன்று சொல்லை நீட்டுகிறது, இவர் ஒன்றைத் தொடுகிறார். அந்தச் சலிப்பில்தான் பேனாவுக்கு ஓடுகிறார்கள். ஆனால் குற்றம் சாட்டுவது தாங்கள் ஒருநாளும் தொட்டுப் பார்க்காத தமிழ் விசைப்பலகையை.

அந்தத் தமிழ் விசைப்பலகை சும்மா வந்ததல்ல. மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்குச் செய்த யந்திரத்தின் சொற்ப விசைகளுக்குள் நம் எழுத்துகளை அடக்க மூளையைப் பிசைந்துகொண்டார். விசிறியும் புள்ளியும் விழும்போது காகிதம் நகராமல் நிற்கிற விசைகளை வைத்து வேலையை முடித்தார். தட்டச்சுப் பொறியிலும் கையெழுத்திலும் ஒரே வரிசை: கண்ணுக்கு எது முன்னால் நிற்கிறதோ அது முதலில். ‘கொ’ எழுதும்போது கொம்பைப் போட்டு, ககரம் போட்டு, கால் போடுகிறோம். வாயோ ககரத்தில் தொடங்கி ஒகரத்தில் முடிகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு நடந்தது. அதை ஒட்டி அதே வருஷம் அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை கண்ணின் வரிசையை விட்டுவிட்டு நாக்கின் வரிசையைப் பிடித்தது. இடது கையில் உயிர், வலது கையில் மெய். ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் ‘கொ’. ககரத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். ஙகரத்துக்குப் பின் ககரம் வந்தால் ஙகரம் தானே ஒற்றாகும். வல்லினம் இரட்டிக்கும், மெல்லினம் தன் இன வல்லினத்தோடு சேரும் என்று தமிழுக்கே உள்ள சுபாவம் அந்தப் பலகைக்குள் இருக்கிறது. ஓலை தொலைத்த புள்ளியை இது கேட்காமலே வைக்கிறது. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் ஆகிறது என்று பள்ளிக்கூடத்தில் வாயால் சொன்னோமே, அதை விரல் செய்கிறது.

இதுவும் ஊகம்தானே என்று ஒருவர் மடக்கினார். இல்லை. தமிழ்99 புள்ளி வைப்பது விதிப்படி. எந்த இடத்தில் வைக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். வேண்டாம் என்றால் அகரத்தைத் தட்டித் தடுக்கலாம். ‘பரவை’ என்று தட்டினால் எந்தக் காலத்திலும் பரவைதான் வரும். தீர்மானம் என்னிடம் இருக்கிறது. போனிலும் டாப்லெட்டிலும் தீர்மானம் எங்கோ போய் வருகிறது. பேனாவா விசையா என்று தகராறு செய்துகொண்டிருக்கிறோம். சொல்லை யார் தீர்மானிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆரணியில் எனக்குத் தெரிந்த டிசைன் போடுபவர் ஒருவர் இருக்கிறார். பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தானையும் வரைவது தொழில். முன்பு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் வெட்டிக்கொள்ளும் ஓர் இடம். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை ஜக்கார்டு பெட்டிக்குப் போகும். (1804-இல் லியோன் நெசவுக்காக ஜக்கார்டு செய்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கும் அட்டை என்று தீர்மானித்தார். ஆகையால் கம்ப்யூட்டர் ஆரணிக்குப் புதிய விருந்தாளி அல்ல, சொந்தக்காரன்.) இப்போது அவர் கம்ப்யூட்டரில் வரைகிறார். வெகு நாள் மவுஸால் அன்னத்தின் கழுத்தை வளைக்கப் படாத பாடு பட்டுவிட்டு, பேனாப் பலகை வாங்கினார். என்னுடையதைப் பார்த்து அல்ல. அவருடையதைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன். கழுத்து இப்போது வளைகிறது என்றார். ஆனால் அவருக்கு மயக்கம் இல்லை. வளைவாக வரைந்தாலும் கடைசியில் அது படிக்கட்டு மாதிரிக் கட்டம் கட்டமாகத்தான் நெய்யப்படும் என்று தெரியும். வரைந்து முடித்ததும் பெரிதாக்கிப் பார்த்து, கருவி தானாக நிரப்பிய கட்டங்களை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுகிறார். ‘அதுக்கு அன்னம் தெரியாது சார், கட்டம்தான் தெரியும்’ என்றார். நம் வட்டத்தில் இத்தனை தெளிவாக இதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் வேலையில் பேனா நிற்பதற்குக் காரணம், அங்கே கோடு கோடாகவே இருக்கிறது. எழுத்திலும் அப்படி ஓர் உபயோகம் உண்டு, அதைத்தான் யாரும் செய்வதில்லை. எழுதியதை அச்சாக மாற்றாமல் எழுதினபடியே விட்டுவிடுவது. நல்ல பலகைகள் பேனாவின் அழுத்தத்தை 8192 படியாக அளக்கின்றன. அச்சாக மாற்றின மறுகணம் அதில் ஒரு படியும் மிஞ்சாது. மாற்றாமல் விட்டால் அடித்தல், திருத்தல், ஓரத்தில் எழுதிச் சேர்த்தது, ஒரு சொல்லை மூன்று தடவை எழுதி மூன்றையும் வெட்டியது எல்லாம் இருக்கும். விசைப்பலகைக்கு ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டானால் அது இதுதான்: விட்டுக்கொடுத்த சொற்களின் தடத்தை அது வைத்துக்கொள்வதில்லை. நம் தலைமுறையில் ஒரு கவிஞர் செத்துப்போனால் கைப்பிரதி என்று எதைத் தேடுவார்கள்? நோட்டுப் புத்தகம் இருந்த தலைமுறைக்காவது கரையான் மிச்சம் வைத்தது உண்டு. பலகையில் எழுதி அப்படியே படமாகச் சேர்த்து வைத்தால் அது கைப்பிரதிதான். நண்பர் அதைச் செய்யவில்லை. அவர் கருவியில் கோடு மறைந்து அச்சாகும் ஏற்பாட்டை நிறுத்தி வைக்க முடியும். எப்படி என்று காட்டினேன். அச்சாக வந்தால்தான் கவிதை மாதிரி இருக்கிறது என்று சொல்லி மறுபடி போட்டுக்கொண்டார். எழுத்தாணி மேல் அவருக்கு இருந்த பக்தி அவ்வளவுதான்.

கையெழுத்து என்றால் என்ன என்று வங்கியில் இருப்பவனுக்குக் கொஞ்சம் தெரியும். மாதிரிக் கையெழுத்தோடு காசோலைக் கையெழுத்தை ஒப்பிடுவது எனக்கு நித்தியப்படி. காசோலை இப்போது ஊர் விட்டு ஊர் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. அந்தப் படத்திலும் பார்க்கத்தான் செய்கிறோம். இரண்டு கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மனுஷன் ஒரே மாதிரி இரண்டு தடவை போடமாட்டான். சாய்வு மாறும், சுழி குறையும், வயதாக ஆக நடுங்கும். அந்த வித்தியாசங்களுக்குள்ளே எது அந்த ஆள் என்று பிடிக்க வேண்டும். இந்தப் பக்கம் கோரைப்பாய் நெய்கிற ஒரு அம்மாள் முப்பது வருஷமாகத் தன் பெயரில் ‘ள்’ளுக்குப் புள்ளி வைத்ததில்லை. புள்ளி இருந்தால் பணம் தரமாட்டேன். டாப்லெட் புள்ளி வைத்துத்தான் தரும்.

இந்தக் கட்டுரையைப் பலகையில் எழுதித் தமிழ்99-இல் தட்டினேன். பத்திரிகைக்கு இரண்டையும் அனுப்புகிறேன், பலகையில் எழுதிய பதினொரு பக்கமும் அடித்தல் திருத்தலோடு படமாக இருக்கிறது. இடம் இருந்தால் ஒரு பக்கத்தையாவது அப்படியே போடுங்கள் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். மெய்ப்புப் பார்க்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. கட்டுரையில் ‘பரவை’ வருகிற இடத்தில் உங்கள் கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடும். போன தடவை என் கட்டுரையில் அதைப் பார்த்துத்தான் பறவையாக்கிவிட்டீர்கள். இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.